ரீடிங் மணிக்கு மணி மாறுது, மொத்தம் எவ்வளவு? (டீசல், மின்சாரம், தொகையிடல்)

#1 மில்லிமீட்டர்

62.5 கேவிஏ டீசல் ஜென்செட். காலை 9 முதல் மாலை 3 வரை ஓட்டம். மணிக்கொரு முறை பேனலில் தெரிந்த டீசல் வீதம் (மணிக்கு லிட்டர்) லாக் புக்கில் இருக்கிறது:

9 மணி: 5.0
10 மணி: 8.6
11 மணி: 11.0
12 மணி: 12.2
1 மணி: 11.4
2 மணி: 9.0
3 மணி: 5.4

மொத்த டீசலுக்கு மூன்று பேர் மூன்று விடை சொல்கிறார்கள்.

அ) ஏழு ரீடிங்கையும் கூட்டி 62.6 லிட்டர்.
ஆ) முதல் ரீடிங், கடைசி ரீடிங் இரண்டின் சராசரி 5.2, அதை 6ஆல் பெருக்கி 31.2 லிட்டர்.
இ) ஏழு ரீடிங்கின் சராசரி 8.94, அதை 6ஆல் பெருக்கி 53.7 லிட்டர்.

எது சரி? சரியில்லை என்றால் எங்கே தவறு?

#2 சரிவகம்

மூன்றும் தவறு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு தவறு.

வீதம் × நேரம் = மொத்தம் என்பது வீதம் மாறாமல் இருக்கும் வரைதான் செல்லும். மாறினால் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். துண்டின் அகலம் பூச்சியத்தை நெருங்கும்போது அந்தக் கூட்டல் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் வரையறுத்த தொகை; அதைக் கண்டுபிடிப்பதுதான் தொகையிடல். வரைபடத்தில் பார்த்தால் வீதக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு.

(அ) வேலிக்கு ஏழு கால் நட்டால் நடுவில் அடைப்பு ஆறுதான். ஏழு ரீடிங்கையும் அப்படியே கூட்டினால் ஏழு மணி நேரம் ஓடியதாகக் கணக்காகிறது.

(ஆ) இது நேர்கோட்டில் ஏறும் அல்லது இறங்கும் வீதத்துக்கு மட்டும் சரி. இங்கே நடுவில் 12.2 வரை ஏறி இறங்கியிருக்கிறது, அந்த மேடு முழுவதும் கணக்கில் வரவில்லை.

(இ) பார்க்க நியாயமாக இருப்பதால் இதுதான் ஆபத்தானது. 10 மணி ரீடிங் 9.30 முதல் 10.30 வரை ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பு. 9 மணி ரீடிங் 9 முதல் 9.30 வரை அரை மணிக்குத்தான் பொறுப்பு. கடைசி ரீடிங்கும் அப்படியே. இரண்டு ஓரங்களும் குறைந்த எண்களாக இருக்க, அவற்றுக்கும் முழு எடை கொடுத்ததால் சராசரி கீழே இறங்கிவிட்டது.

ஓர ரீடிங்குகளுக்கு அரை எடை கொடுங்கள்: 62.6 − (5.0 + 5.4)/2 = 57.4 லிட்டர். இதுதான் சரிவக விதி.

#3 மூன்று ஃபேஸ்

57.4 கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். கோடு மேல்நோக்கிக் குவிந்திருக்கிறது. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் கோட்டுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு பிறை விடுபடும். ஆறு துண்டிலும் அந்தப் பிறை ஒரே பக்கம் விழுகிறது, ஒன்றையொன்று ஈடுகட்டாது. வளைவு கீழ்நோக்கிக் குழிந்திருந்தால் சரிவக விதி கூடுதலாகக் காட்டும்.

சிம்ப்சன் விதி (புள்ளிகளை நேர்கோட்டுக்குப் பதில் இருபடி வளைவுகளால் இணைக்கும் முறை; நடு ரீடிங்குகளுக்கு 4, 2 என்று மாறி மாறி எடை) போட்டால்:

(1/3) × [5.0 + 5.4 + 4 × (8.6 + 12.2 + 9.0) + 2 × (11.0 + 11.4)]
= (1/3) × [10.4 + 119.2 + 44.8]
= 174.4 / 3 = 58.1 லிட்டர்.

நிபந்தனை இரண்டு. துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அகலம் சமமாக இருக்க வேண்டும். இங்கே ஆறு துண்டு, ஒரு மணி இடைவெளி, பொருந்துகிறது. பலர் ரீடிங்கின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக வைத்துவிட்டுச் சிம்ப்சனைப் போடுவார்கள். ரீடிங் ஒற்றைப்படையாக இருந்தால்தான் துண்டு இரட்டைப்படை.

#4 சரிவகம்

சிம்ப்சனை மனப்பாடம் செய்யப் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி. சரிவக விதியையே இரண்டு முறை போடுங்கள். மணிக்கொரு ரீடிங்கில் 57.4. இரண்டு மணிக்கொரு ரீடிங் (9, 11, 1, 3) மட்டும் எடுத்தால் 2 × (5.2 + 11.0 + 11.4) = 55.2.

இடைவெளியைப் பாதியாக்கியதும் விடை 2.2 ஏறியிருக்கிறது. சரிவக விதியின் பிழை இடைவெளியின் இருபடிக்கு ஏற்பக் குறையும். அதாவது பாதியாக்கினால் பிழை கால் பங்கு. அப்படியென்றால் இன்னும் மிச்சமிருக்கும் பிழை 2.2இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.73. 57.4 + 0.73 = 58.13. சிம்ப்சன் கொடுத்த அதே எண். தற்செயல் இல்லை, இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றுதான்.

இதில் கூடுதல் லாபம் என்னவென்றால் பிழையின் அளவும் கையில் கிடைக்கிறது. 57.4 என்பதில் முக்கால் லிட்டர் வரை சந்தேகம் வைக்கலாம் என்று லாக் புக்கிலேயே எழுதலாம்.

#5 பலகணியம்

சூத்திரமாக வேண்டும் என்பவர்களுக்கு: நே = 9 மணியிலிருந்து கழிந்த மணி என்று வைத்தால்

வீதம் = 5 + 4.3 நே − 0.7 நே²

தொகையிட்டால் 5 நே + 2.15 நே² − (0.7/3) நே³. கீழ் எல்லை 0, மேல் எல்லை 6:
30 + 77.4 − 50.4 = 57.0 லிட்டர்.

கீழ் எல்லையில் எல்லா உறுப்பும் பூச்சியம். வரையறுத்த தொகை என்பதால் தொகையிடல் மாறிலி தேவையில்லை; எழுதினாலும் கழித்தலில் போய்விடும்.

#6 மூன்று ஃபேஸ்

பலகணியம், உங்கள் இருபடி அழகு, ஆனால் 12 மணிக்கு 11.6 காட்டுகிறது, உண்மை 12.2. 11 மணிக்கு 0.2, 1 மணிக்கு 0.4 குறைவு. விலகல்கள் நடுவில் எல்லாம் ஒரே திசையில் இருக்கின்றன, அதாவது உச்சியை வெட்டிவிட்டீர்கள். 57.0 குறைந்ததன் காரணம் அதுதான். சிம்ப்சனும் இருபடிதான், ஆனால் இரண்டு இரண்டு துண்டுக்குத் தனித்தனி இருபடி, ஒவ்வொன்றும் ரீடிங் வழியாகவே போகும். பரப்பு மட்டும் வேண்டுமென்றால் சூத்திரம் பொருத்தப் போகாதீர்கள். நாளைய ஓட்டத்தை முன்கணிக்க வேண்டுமென்றால் பொருத்துங்கள்.

#7 டீசல்புகை

கணக்கு எல்லாம் சரி. ரீடிங் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே?

டீசல் எஞ்சினில் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. பல எஞ்சின்களில் பெரும்பகுதி திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே வந்துவிடும். போகும் குழாயில் மட்டும் ஃப்ளோமீட்டர் வைத்தால் எரிந்ததைப் போலப் பல மடங்கு காட்டும். இரண்டு குழாயிலும் வைத்துக் கழிக்க வேண்டும்.

கழிப்பதிலும் ஒரு பள்ளம். திரும்பி வரும் டீசல் சூடாக இருக்கும். ஒரு டிகிரிக்கு டீசல் சுமார் 0.083% விரியும். 20 டிகிரி வித்தியாசம் என்றால் 1.7%. போவது 60, திரும்புவது 50 என்று வையுங்கள்: 50இல் 1.7% என்பது 0.85 லிட்டர். எரிந்தது 10 லிட்டர்தான், அதில் 0.85 என்றால் எட்டரை சதவீதம் குறைத்துக் காட்டும். சரிவகமா சிம்ப்சனா என்று 0.7 லிட்டருக்கு மல்லுக்கட்டுகிறோம், வெப்பத் திருத்தம் இல்லாவிட்டால் அதைப்போல ஆறேழு மடங்கு இங்கேயே போய்விடும்.

சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. ஜென்செட்டின் டீசல் வீதம் வேலை செய்யும் எல்லைக்குள் கிட்டத்தட்ட நேர்கோடு:

வீதம் = சும்மா ஓடும் செலவு + சரிவு × கிலோவாட்

இரண்டு நிலையான லோடில் சோதித்தால் போதும். 10 கிலோவாட்டில் மணிக்கு 4.3 லிட்டர், 40 கிலோவாட்டில் 11.2 என்று வந்தால் சரிவு = 6.9/30 = 0.23; சும்மா ஓடும் செலவு = 4.3 − 2.3 = 2.0.

இந்த நேர்கோட்டைத் தொகையிட்டுப் பாருங்கள். முதல் உறுப்பு 2.0 × ஓடிய மணி. இரண்டாவது 0.23 × (கிலோவாட்டின் தொகை), அதாவது 0.23 × யூனிட். லோடு எப்படி ஏறி இறங்கியது என்பதே வேண்டாம்! ஓடிய மணியும் யூனிட்டும் இருந்தால் போதும்.

மில்லிமீட்டர், அன்றைக்குப் பேனலில் யூனிட் எவ்வளவு?

#8 மில்லிமீட்டர்

சரியாக 200 யூனிட் ஓடியிருக்கிறது. நீங்கள் சொன்ன சரிவும் சும்மா ஓடும் செலவும் எங்கள் செட்டுக்கே பொருந்துவதாக வைத்தால் 2 × 6 + 0.23 × 200 = 12 + 46 = 58 லிட்டர். சிம்ப்சனோடு ஒத்துப்போகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு ரீடிங் விட்டுப்போனால் என்ன செய்வது? எக்செல்லில் போட்டபோது மொத்தம் 2.39 என்று வந்தது, அது ஏன்?

#9 டீசல்புகை

நேர்கோடு எப்போது கைவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு செட் இணையாக ஓடி, இடையில் ஒன்று நின்றால் கோடு உடையும். அப்போது ஒவ்வொரு செட்டுக்கும் ஓடிய மணியைத் தனியாக எடுக்க வேண்டும். மிகக் குறைந்த லோடில் நீண்ட நேரம் ஓட்டினால் எரிப்பு சரியாக நடக்காது, சைலன்சர் வழியே எரியாத டீசல் வடியும். அந்தப் பகுதியில் சோதித்துக் கிடைத்த சரிவை நம்ப வேண்டாம்.

#10 சரிவகம்

எக்செல் சந்தேகம் முதலில். 57.4ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், 2.39. எக்செல்லில் நேரம் நாள் கணக்கில் இருக்கும்: 10.00 − 9.00 என்பது 1 இல்லை, 0.0417. வித்தியாசத்தை 24ஆல் பெருக்குங்கள். நள்ளிரவைத் தாண்டும் ஓட்டமானால் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டு எதிர்க்குறியில் வந்து மொத்தத்தைக் குறைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஒரு வரிக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: (இந்த வீதம் + முந்தைய வீதம்)/2 × (இந்த நேரம் − முந்தைய நேரம்) × 24. முதல் வரியில் இந்தக் கணக்கு வராது, அங்கே முந்தையது இல்லை.

விட்டுப்போன ரீடிங்: 12 மணி ரீடிங் இல்லை என்று வைப்போம். காலியாக விட்டு, மென்பொருள் அதைப் பூச்சியமாக எடுத்தால் 12.2 லிட்டர் காணாமல் போகும். அந்த வரியையே நீக்கிவிட்டு 11 முதல் 1 வரை இரண்டு மணி அகலத் துண்டாக எடுத்தால் 22.4 வரும், உண்மையில் 23.4, இழப்பு 1 லிட்டர்தான். சரிவக விதிக்குச் சமமற்ற இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. சிம்ப்சனுக்கு ஆகாது.

#11 இணைந்தகணிதம்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் இதைத் தொகையீடு எண்டு சொல்லுவம். உயர்தரத்துக்குப் படிக்கிறன். ஒரு கேள்வி: "ஒரு வளத்தின் ஆண்டு நுகர்வு 100 அலகு. ஆண்டுக்கு 2% வளருது. 10 ஆண்டில மொத்த நுகர்வு என்ன?" எனக்கு 1107 வந்தது, நண்பருக்கு 1095. ரெண்டு பேரிலும் பிழை தெரியேல்ல.

#12 எண்ணாயிரம்

இரண்டுமே கணக்குப் பிழை இல்லை. கேள்வியை இருவரும் வேறு விதமாக வாசித்திருக்கிறீர்கள்.

நீங்கள் செய்தது: வீதம் = 100 × (ஆய்லர் எண்ணின் 0.02நே அடுக்கு). ஆய்லர் எண் என்பது e, சுமார் 2.718; நே இங்கே கழிந்த ஆண்டு. தொகை = (100/0.02) × (ஆய்லர் எண்ணின் 0.2 அடுக்கு − 1) = 5000 × 0.2214 = 1107.0.

நண்பர் செய்தது: 100 + 102 + 104.04 + … பத்து உறுப்பு, பெருக்குத்தொடர். 100 × (1.218994 − 1)/0.02 = 1095.0.

வித்தியாசம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது.

ஒன்று, ஆண்டுக்கு 2% என்றால் தொடர் வளர்ச்சி வீதம் 0.02 இல்லை. 1.02இன் இயல் மடக்கை, 0.0198. அதைப் போட்டால் 1107.0 என்பது 1105.9 ஆகும். இது சின்ன ஓட்டை.

பெரிய ஓட்டை இரண்டாவது. "ஆண்டு நுகர்வு 100" என்பது சனவரி 1ஆம் தேதியின் வீதம் அல்ல, அந்த ஆண்டு முழுவதும் தொகையிட்டு வந்த விடை. தொடக்க நாளின் வீதம் அதைவிடக் குறைவாக இருந்தால்தான் ஆண்டு முடிவில் மொத்தம் 100 வரும். எவ்வளவு குறைவு? 100 × 0.0198026/0.02 = 99.01. இதைத் தொடக்க வீதமாக வைத்துத் தொகையிடுங்கள், நண்பரின் 1095.0 அப்படியே வரும்.

வினாத்தாளில் "நுகர்வு வீதம் 100, தொடர்ச்சியாக 2% வளர்கிறது" என்று இருந்தால் 1107. "ஆண்டு நுகர்வு" என்று இருந்தால் 1095.

#13 பலகணியம்

இதே சூத்திரத்தை எண்ணெய்க்குப் போட்டுப் பார்க்கலாமா? வகுப்பில் அடிக்கடி வரும் கணக்கு.

#14 எண்ணாயிரம்

தாராளமாக. உலக நுகர்வு நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய், ஆண்டுக்கு 3,650 கோடி. 1% தொடர் வளர்ச்சி, 20 ஆண்டு:

(3,650/0.01) × (1.2214 − 1) = 3,65,000 × 0.2214 ≈ 80,800 கோடி பீப்பாய்.

விடை வந்ததும் இரண்டு வேலிக்குள் இருக்கிறதா பாருங்கள். வளர்ச்சியே இல்லாவிட்டால் 73,000. தொடக்கத்திலிருந்தே இறுதி வீதத்தில் குடித்திருந்தால் 89,200. 80,800 நடுவில் இருக்கிறது. தேர்வில் அடிக்கடி நடக்கும் தவறு, கீழ் எல்லையில் வரும் மதிப்பைப் பூச்சியம் என்று நினைத்து அந்த "− 1"ஐ விட்டுவிடுவது. எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் 1 அல்லவா? விட்டால் 4,45,800 கோடி வரும். வேலியைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

தலைகீழாகவும் போடலாம். இருப்பு எத்தனை ஆண்டுக்கு வரும்? தொகை = இருப்பு என்று வைத்து நேரத்தைப் பிரித்தால்:

ஆண்டு = (1/வளர்ச்சி) × இயல் மடக்கை (1 + வளர்ச்சி × இருப்பு/தொடக்க வீதம்)

பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி 2020 இறுதி நிலவரமாக வெளியிட்ட உறுதிசெய்யப்பட்ட இருப்பு 1,73,200 கோடி பீப்பாய். வெறுமனே வகுத்தால் 47 ஆண்டு. 1% வளர்ச்சியில் 39. 2% வளர்ச்சியில் 33. இருப்பு இரு மடங்காகக் கிடைத்தாலும் 2% வளர்ச்சியில் 53 ஆண்டுதான்; இரட்டிப்பு இருப்பு கூடுதலாகத் தந்தது 20 ஆண்டு. மடக்கை அப்படித்தான் கஞ்சத்தனம் பண்ணும். கொலராடோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆல்பர்ட் பார்ட்லெட் 1969 முதல் இதே சூத்திரத்தை வைத்துத்தான் ஊர் ஊராகப் பேசினார்.

ஆனால் இதை ஆருடமாக எடுக்கக் கூடாது. உறுதிசெய்யப்பட்ட இருப்பு என்பது அன்றைய விலையில் எடுக்கக் கட்டுப்படியாகும் அளவு, விலையோடு அதுவும் மாறும். 40 ஆண்டு ஒரே வளர்ச்சி வீதம் என்பதும் காகிதத்தில்தான்.

#15 மூன்று ஃபேஸ்

மின்சாரத்தில் இதே விஷயம் வேறு மூன்று இடத்தில் கடிக்கும்.

முதலில், வாட் என்பது வீதம், யூனிட் என்பது மொத்தம். வீட்டு மீட்டர் தொகையிடும் கருவி. பழைய மீட்டரில் சுற்றும் அலுமினியத் தட்டின் வேகம் திறனுக்கு நேர்விகிதம், ஆக மொத்தச் சுற்றுகள் திறனின் தொகை. புதிய மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும்; 3200 மின்னல் = 1 யூனிட் என்று முகப்பில் எழுதியிருந்தால், இரண்டு மின்னலுக்கு நடுவே 5 நொடி என்றால் திறன் = 3600/(3200 × 5) = 0.225 கிலோவாட். இது வகையிடல், எதிர்த்திசை. மொத்தம் காட்டும் மீட்டர் இருக்கும் இடத்தில் வீதத்தைத் தொகையிட்டு மெனக்கெட வேண்டாம். முடிவு ரீடிங்கில் தொடக்க ரீடிங்கைக் கழித்தால் முடிந்தது.

இரண்டாவது, விட்டு விட்டு ஓடும் சாதனம். ஃபிரிட்ஜ் 15 நிமிடம் 150 வாட்டில் ஓடி 25 நிமிடம் நிற்கிறது என்று வையுங்கள். சராசரி 56 வாட், நாளுக்கு 1.35 யூனிட். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்திலிருந்து மணிக்கொரு முறை பார்த்தால் ஒரு தடவை ஓட்டம், ஒரு தடவை ஓய்வு என்று மாறி மாறி விழும். சராசரி 75 வாட், நாளுக்கு 1.8 யூனிட். 40 நிமிடத்துக்கொரு முறை பார்த்தால் எப்போதுமே 150 வாட்தான், நாளுக்கு 3.6 யூனிட்! இங்கே சிம்ப்சனுக்கு மாறினாலும் விடையை நம்ப முடியாது. துண்டு, சுழற்சியைவிட நன்றாகச் சிறிதாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று போதும்.

மூன்றாவது, கூரையில் சூரியப் பலகை உள்ள வீடு. நிகரத் திறன் பகலில் எதிர்க்குறிக்குப் போகும். அப்படியே தொகையிட்டால் வாங்கியதும் கொடுத்ததும் ஒன்றையொன்று அழிக்கும். 9 யூனிட் வாங்கி 7 கொடுத்திருந்தால் விடை 2. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் சரி. வேறு விலை என்றால் கோடு பூச்சியத்தை வெட்டும் நேரத்தில் பிரித்துத் தனித்தனியாகத் தொகையிட வேண்டும். ஒரு மணிக்கு +1 கிலோவாட், அடுத்த மணிக்கு −1 என்றால் சரிவக விதி 0 சொல்லும். நேர்கோடாக இறங்கியிருந்தால் உண்மையில் கால் யூனிட் வாங்கி, கால் யூனிட் கொடுத்திருக்கிறோம்.

#16 டீசல்புகை

நேரத்துக்கு நேரம் விலை மாறினால்?

#17 மூன்று ஃபேஸ்

விலை × வீதம் என்று பெருக்கி, அதைத் தொகையிட வேண்டும். சராசரி விலை × மொத்த யூனிட் வராது. 4 மணி நேரம் 10 ரூபாய் விலையில் 2 கிலோவாட், மீதி 20 மணி நேரம் 7 ரூபாயில் அரை கிலோவாட் என்றால் செலவு 80 + 70 = 150 ரூபாய். நேரச் சராசரி விலை 7.50, மொத்தம் 18 யூனிட், பெருக்கினால் 135. விலை கூடிய நேரத்திலேயே நுகர்வும் கூடியதால் 15 ரூபாய் தப்பிவிட்டது. இந்திய மின்கட்டமைப்பில் நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாக வெட்டிக் கணக்கிடுவதும் இதனால்தான், ஒவ்வொரு துண்டுக்கும் தனி அளவு, தனி விலை.

#18 இணைந்தகணிதம்

#12க்கு நன்றி அண்ணா. வினாவைத் திரும்பப் பார்த்தன், "ஆண்டு நுகர்வு" எண்டுதான் இருக்கு. நண்பர்தான் வெண்டார்.

#19 மில்லிமீட்டர்

எக்செல்லில் 24ஆல் பெருக்கியதும் 57.4 வந்துவிட்டது. லாக் புக்கில் 58 லிட்டர் என்று பதிந்து, பக்கத்தில் 6 மணி, 200 யூனிட் இரண்டையும் எழுதச் சொல்கிறேன். இனி அரை மணிக்கொரு ரீடிங் எடுக்கட்டுமா?

#20 சரிவகம்

நாள் முழுவதும் வேண்டாம். 9 முதல் 10 வரையும் 2 முதல் 3 வரையும் வீதம் மணிக்கு 3.6 லிட்டர் அளவுக்கு மாறுகிறது, லோடு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பது அந்த இரண்டு மணிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 9.30க்கும் 2.30க்கும் மட்டும் கூடுதலாக எடுங்கள். ஆனால் இடைவெளி சமமில்லாமல் போவதால் மொத்தத்துக்கும் ஒரே சிம்ப்சனைப் போட முடியாது. ஓர மணி இரண்டுக்கும் அரை மணி அகலத்தில் தனிச் சிம்ப்சன், நடுவில் 10 முதல் 2 வரை ஒரு மணி அகலத்தில் இன்னொன்று, அங்கே நான்கு துண்டு, சரியாகப் பொருந்தும்.